டிரெய்லர் வண்டியில் வீட்டு மிக்ஸி, ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் வைக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். பொலிரோவில் இழுக்கிற மாதிரி 14 அடி டிரெய்லர் ஒன்று இங்கே மதுரையில் பட்டறையில் தயாராகுது. கொடைக்கானல், ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு தங்கத்தான். வீட்டுச் சாமான்களையே வைக்க நினைக்கிறேன்: 750 வாட் மிக்ஸி, 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், டேபிள் ஃபேன். கூட 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. தங்குற வீட்டில் ஒரு பிளக் பாயிண்டில் இருந்து லைன் இழுத்துக்கலாமா? கேஸ் சிலிண்டர் உள்ளேயா வெளியேயா? உள் பேனல் இன்னும் அடிக்கவில்லை, வயரிங்கை இப்பவே மாத்திடலாம்.

பைபாஸ் வயர்மேன்:
அண்ணே, அந்த இன்வெர்ட்டர் 700 வாட் பக்கம்தான் தாங்கும், இண்டக்‌ஷன் போட்ட உடனே ஓவர்லோடில் நின்னுரும். பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலும் தீராது. 12 வோல்ட்டில் 2000 வாட் எடுக்க, நஷ்டமும் சேர்த்து 185 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் எடுத்தால் கிடைக்கிற கணக்கு. 185 ஆம்பியரில் அதில் பாதிகூட எதிர்பார்க்காதீங்க. இண்டக்‌ஷனும் மிக்ஸியும் லைன் கரன்ட்டில் மட்டும். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டரில். ஃபிரிட்ஜ் ஓடும்போது 100 வாட் பக்கம்தான், ஆனா கம்ப்ரெஸர் கிளம்புற நொடியில் பல மடங்கு இழுக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டாம், மோட்டார் இரைஞ்சு சூடாகும். வீட்டு லைன் மாதிரியே சீரான அலை தர்ற ப்யூர் சைன் வேவ் வாங்குங்க.

900 விஏ முழு லோடில் பேட்டரி பக்கம் 70 ஆம்பியர் ஓடும். 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், பிளஸ் டெர்மினலில் இருந்து ஒரு ஜாணுக்குள் 100 ஆம்பியர் ஃபியூஸ். ஆட்டத்தில் கேபிள் சேஸிஸில் உரசி ஷார்ட் ஆனால், அறுக்கிறதுக்கு அந்த ஃபியூஸை விட்டால் வேறெதுவும் இல்லை. பேட்டரி கட்டிலுக்கு அடியில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், வத்தலக்குண்டு மலை வளைவில் ஆசிட்டும் சிந்தும். தனிப் பெட்டி, இறுக்கமான பெல்ட், வெளியே போற குழாய் மூணும் வேணும்.

எர்த்பிட்:
வாட் கணக்கைவிட எர்த்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. டிரெய்லர் ரப்பர் டயரில் நிற்கிறது. ஃபேஸ் வயர் உரசி பாடியில் பட்டால் பாடி முழுக்க 230 வோல்ட். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்து ஏறுபவருக்குத்தான் ஷாக்.

லைன் உள்ளே வரும் இடத்தில் முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்), அடுத்து 16 ஆம்பியர் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டில் விழும் சுவிட்ச்). எம்சிபியும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல்தான் வேண்டும், தங்கும் வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கலாம். சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, பச்சை வயரை போல்ட் போட்டு முறுக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் லைன் கொடுத்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

அவர்கள் பிளக் பாயிண்டின் எர்த்தைப் பார்க்க டெஸ்டர் போதாது. 40 வாட் குண்டு பல்பு டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைக்க வேண்டும். முழு வெளிச்சம் வர வேண்டும், அல்லது அந்த வீட்டு ஆர்சிசிபி விழ வேண்டும். மங்கினாலோ எரியாவிட்டாலோ அங்கே லைன் எடுக்காதீர்கள். பழைய வீடுகளில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் அடித்திருப்பார்கள். அப்போதும் பல்பு பிரமாதமாக எரியும், ஆனால் நியூட்ரல் அறுந்த நிமிடம் உங்கள் வண்டிக்கே கரன்ட். அதனால் மெயினை அணைத்து, பாயிண்டைக் கழற்றியும் பார்த்துவிடுங்கள்.

கேபிள் 2.5 ஸ்கொயர் எம்எம், மூன்று கோர், 16 ஆம்பியர் பிளக். கடையில் சுருளோடு கிடைக்கும் 1 ஸ்கொயர் எம்எம் 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் போட்டால், வயரிலேயே 70 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். சுருளைப் பிரிக்காவிட்டால் இன்சுலேஷன் இளகி ஒட்டிக்கொள்ளும். ராமேஸ்வரம் உப்புக் காற்றில் பிளக் பின்கள் பச்சை பிடிக்கும், தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே சொருக வேண்டும்.

இன்னொன்று: இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டர் பக்கம் சேர்ந்திருந்தால்தான் ஆர்சிசிபி வேலை செய்யும். லைன் கரன்ட்டில் அந்த இணைப்பு இருக்கக் கூடாது. உங்கள் மாடல் அதற்கு இடம் தருமா என்று மேனுவலைப் பார்த்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

நீலச்சுடர்:
சிலிண்டர் வெளியேதான் சார், சந்தேகமே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை நம்ம மதுரை ஸ்டேஷன் யார்டில் சுற்றுலாப் பெட்டி எரிந்து உயிர்கள் போனது விதியை மீறி உள்ளே ஏற்றிய சிலிண்டரால்தான். அந்தப் பெட்டி ஓடக்கூட இல்லை, நின்றுகொண்டிருந்தது.

எல்பிஜி காற்றைவிட கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட்டில் விழும் ஒரு பொறி போதும் அது பற்ற. 5 கிலோ சிலிண்டரை முன்பக்க இழுவைக் கம்பி மேல், அடியில் ஓட்டை உள்ள பெட்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். பேட்டரியை அதே பெட்டியில் வைக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹோஸ், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருதா பாருங்கள். வண்டி நகரும் முன் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அடுப்பையும் வெளியே மடக்கு மேஜையில் வைத்தால் இன்னும் நிம்மதி.

கொடைக்கானல் குளிருக்குப் பயந்து தரைமட்ட காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழவே மாட்டார்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. சிலிண்டர் பெட்டியை முன்பக்கம் வெல்ட் பண்ணச் சொல்லிட்டேன். ஃபிரிட்ஜ் ஓட்டத்தில் ஆன்லயே இருக்கலாமா?

பைபாஸ் வயர்மேன்:
ஆஃப் பண்ணிருங்க அண்ணே. நல்லா குளிர்ந்தது கதவைத் திறக்காம இருந்தால் சில மணி நேரம் தாங்கும். கதவுக்குக் கொக்கி, அடியில் போல்ட், பின்னால் நாலு விரல்கடை இடைவெளி. போய் நிறுத்தியதும் மட்டம் பார்த்து, கம்ப்ரெஸர் ஆயில் இறங்க அரை மணி விட்டு ஆன் பண்ணுங்க.