இ-பேப்பர் மானிட்டரில் ஓயாத துடிப்பு: ஐ3-ஐ விட்டு எதற்கு மாறலாம்?

கேட்டவர்:
வணக்கம். கண் எரிச்சல் தாங்காம 13.3 இன்ச் இ-பேப்பர் மானிட்டர் ஒண்ணு வாங்கி எச்டிஎம்ஐ-ல செருகியிருக்கேன். பக்கத்துல பழைய எல்சிடியும் ஓடுது. டெபியன் லினக்ஸ், எக்ஸ்11 (விண்டோக்களைத் திரையில காட்டுற அடித்தளம்). முதல்ல க்னோம் டெஸ்க்டாப். ஓவர்வியூ திறந்தாலே விண்டோ சுருங்குற ஒவ்வொரு கட்டமும் சாம்பல் நிழலாத் தங்கிடுது. அனிமேஷனே இல்லாததா இருக்கட்டும்னு ஐ3-ங்கிற விண்டோ மேனேஜருக்கு (விண்டோக்களைத் திரையில தானா அடுக்குற நிரல்) வந்தேன். நிழல் குறைஞ்சுது. ஆனா பிடிஎஃப்-ஐத் திறந்து வச்சுட்டு எதையும் தொடாம இருந்தாலும் கீழ் வலது மூலை துடிச்சுக்கிட்டே இருக்கு. எந்த விண்டோவுல டைப் பண்றேன்னும் தெரியல. நேத்து டெர்மினல்னு நினைச்சு ரெண்டு கமாண்டைக் கட்டுரைக்குள்ள அடிச்சுட்டேன். வேற விண்டோ மேனேஜர்ல ஸ்வே, டிடபிள்யூஎம், ஐஸ்டபிள்யூஎம்... எது தோது? ரெண்டு திரைக்கும் ஒண்ணே போதும்னா நல்லது.

பதில் 1:
மாறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த மூலை எத்தனை நொடிக்கு ஒருதடவை துடிக்குது?

கேட்டவர்:
எண்ணிப் பார்த்தேன். சரியா 5.

பதில் 1:
அப்ப அது ஐ3ஸ்டேட்டஸ், ஐ3-ஓட கீழ்ப் பட்டைக்குக் கடிகாரம், லோடு மாதிரி தகவல் தர்ற நிரல். இயல்பா 5 நொடிக்கு ஒருதடவை பட்டையைப் புதுப்பிக்கும். கடிகாரத்துல நொடியும் இருக்கும். எல்சிடியில கண்ணுல படாது, இ-பேப்பர்ல ஒவ்வொரு இலக்கம் மாறும்போதும் மை துகள் நகரணும். இன்டர்வலை 60 ஆக்குங்க, நொடியையும் லோடு, மெமரி வரிகளையும் தூக்கிடுங்க. இன்னும் நல்லது, பட்டையை ஹைடு மோடுல போடுங்க. மாட் கீயை (ஐ3 ஷார்ட்கட்டுகளுக்கு நீங்க வச்சிருக்கிற ஆல்ட் அல்லது விண்டோஸ் கீ) அழுத்தினா மட்டும் வரும்.

பதில் 2:
ஃபோகஸ் சங்கதி, அதாவது எந்த விண்டோவுல டைப் ஆகுதுன்னு தெரியாதது, நிறத்தால வந்தது. ஐ3-ல ஃபோகஸ் உள்ள தலைப்பு கரு நீலம், இல்லாதது ஏறக்குறைய கறுப்பு. நிறத்தைக் கழிச்சுட்டா ரெண்டும் அடர் சாம்பல். பேனல் 16 சாம்பல் படி காட்டினாலும், வேகமான ஏ2 மோடுல வெறும் கறுப்பு வெள்ளைதான். அதனால ஃபோகஸ் உள்ளதுக்குக் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. மத்ததுக்கு நேர் தலைகீழ். ஐ3 கன்ஃபிக்ல இந்த நிறங்களை வைக்கிற கிளையன்ட் வரியில அஞ்சாவது நிறம் விளிம்புக்கு, அதையும் மாத்த மறந்துடாதீங்க.

பதில் 3:
டிடபிள்யூஎம் போடுங்க ப்ரோ. இதைவிட லேசானது கிடையாது.

பதில் 2:
லேசுங்கிறது சிபியூவுக்கு. இங்க கணக்கே வேற: ஒரு செயலுக்கு எத்தனை பிக்சல் மாறுதுங்கிறதுதான். டிடபிள்யூஎம்-ல புது விண்டோ மாஸ்டர்ங்கிற முக்கிய இடத்துல வந்து உக்காரும், இருந்ததெல்லாம் தள்ளிப் போகும், முழுத் திரையும் மறுபடி வரையப்படும். மோனோக்கிள்ல (ஒரு விண்டோ மட்டும் முழுத் திரையில) வச்சா சரி. ஐ3-லயும் பிரிச்சுப் பிரிச்சு அடுக்கினா இதே கதைதான். டேப்டு லேஅவுட்ல (பிரவுசர் டேப் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா) போடுங்க. புத்தகப் பக்கம் புரட்டுற மாதிரி ஒரே மாற்றம்.

மிதக்கும் விண்டோதான் வேணும்னா ஐஸ்டபிள்யூஎம். அதுல ஒபேக்மூவ், ஒபேக்ரீசைஸ் ரெண்டையும் 0 ஆக்கினா இழுக்கும்போது வெறும் கோட்டுச் சட்டம்தான் நகரும், விட்ட இடத்துல விண்டோ ஒரே தடவை வரும். இந்தப் பழைய வசதி இ-பேப்பருக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. பேப்பர்டபிள்யூஎம்-ன்னு பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அது க்னோம் எக்ஸ்டென்ஷன், விண்டோவெல்லாம் வழுக்கிக்கிட்டே போகும். கிண்டிலுக்குள்ள ஓடுறது ஆசம்-ங்கிற விண்டோ மேனேஜர். அதுக்காக மேசையில அதைத்தான் போடணும்னு இல்ல.

பதில் 4:
ஸ்வேக்கு (ஐ3 மாதிரியேதான், ஆனா எக்ஸ்11-க்குப் பதிலா வேலேண்டுல ஓடும்) ஒரே ஒரு நியாயம் உண்டு. உங்க பேனல் 2200×1650-ஆ? அப்படின்னா ஏறக்குறைய 207 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு அத்தனை புள்ளி). எல்சிடி அதுல பாதிதான் இருக்கும். எக்ஸ்11-ல ரெண்டுக்கும் தனித்தனி அளவு வைக்கிறது தலைவலி. ஸ்வேல அவுட்புட் வாரியா, அதாவது திரைக்குத் திரை, ஸ்கேல் (எத்தனை மடங்கு பெருசு) வைக்கலாம்: இ-பேப்பருக்கு 2, எல்சிடிக்கு 1. பின்னத்துல வைக்காதீங்க, எழுத்து மசமசன்னு ஆகும். ஐ3 கன்ஃபிக் பெரும்பாலும் அப்படியே எடுக்கும். ஃபான்ட்ல சப்பிக்சல் ரெண்டரிங்கை (எழுத்தோரத்தை நிறத்தால மென்மையாக்குறது) அணைச்சிடுங்க. எழுத்தோரத்து நிறம் இதுல அழுக்கா விழும்.

கேட்டவர்:
ஆமா, 2200×1650தான். ஐ3-லயே கடிகாரத்தை மாத்தினதும் மூலை அடங்கிடுச்சு. அதே கன்ஃபிக்கோட இப்ப ஸ்வே. வொர்க்ஸ்பேஸ் 1, 2 இ-பேப்பர்ல, எல்லாம் டேப்டு; வீடியோ, பிரவுசர் எல்சிடிக்குப் போயாச்சு. தலைப்பு கறுப்பா வெள்ளையான்னு பார்த்தாலே எங்க இருக்கேன்னு தெரியுது. ஆனா எடிட்டர்ல ஒரு சின்னப் பொட்டு இன்னும் விட்டு விட்டு மின்னுது.

பதில் 1:
கர்சர். ஜிடிகே (பல லினக்ஸ் ஆப்புகளோட பொத்தான், மெனு வரையுற நூலகம்) செட்டிங்ஸ்ல கர்சர் பிளிங்க்கை 0 ஆக்குங்க. டெர்மினலுக்குத் தனியா அணைக்கணும்.

கேட்டவர்:
நின்னுடுச்சு. நன்றி எல்லாருக்கும்.