புதுப்பிப்பு: நாய் ஒப்புக்கொண்டது, பூனை மறுத்துவிட்டது

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. நாய்க்கும் பூனைக்கும் முழுத் தாவர உணவு கொடுக்கலாமா என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாய் மணி விஷயத்தில் பெரிய கதை இல்லை. மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய இனம். பழைய தீனியோடு கலந்து பத்து நாளில் மாற்றினோம். இப்போது தட்டை நக்கியே சுவர்வரை தள்ளிக்கொண்டு போகிறான்.

பூனை மிளகுதான் பாடம் எடுத்தது. "ஊரில் நம் பூனை தயிர்சாதத்தில்தானே வளர்ந்தது?" என்றார் அம்மா. அது பிடித்த எலிகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயத்தோடு அதற்குள்ள தொடர்பு 1987இல்தான் வெளிப்பட்டது. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் பூனைக்கு இயலாது. அதனால் வீட்டுச் சமையலைத் தொடாமல், இவையும் பூனைக்குத் தேவையான அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்தும் சேர்த்த முழுமையான தாவரத் தீனியையே வாங்கினேன். (அந்த டாரின் செயற்கையானதுதான், இறைச்சித் தீனியிலும் அதையே சேர்க்கிறார்கள்.)

மிளகு முகர்ந்தான். கழிவை மூடுவதுபோல் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிராண்டினான். போய்விட்டான்.

பட்டினி போட்டால் தின்பான் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், சில நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பழைய தீனியோடு பாதிக்குப் பாதி கலந்ததும் சாப்பிட்டான். ஆனால் மருத்துவர் சோதித்தபோது சிறுநீரில் காரத்தன்மை ஏறி, படிகங்கள் தெரிந்தன. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்தால் அவசர சிகிச்சைதான். அன்றே நிறுத்திவிட்டேன்.

இப்போது மிளகின் மீன் கிண்ணம் பால்கனியில் இருக்கிறது. அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போடுவதில்லை.