ஆங்கில வகுப்பும் தீயணைப்புப் பயிற்சியும் சேர்த்துப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. கல்லூரியில் தீயணைப்பு வீரர் பயிற்சியில் சேரப் போனேன், ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு பி1 (B1, அதாவது நடுத்தர) நிலைதான், பெரியவர்களுக்கான மாலை வகுப்பை முதலில் முடியுங்கள் என்றுவிட்டார்கள். சரி, போகிறேன். ஆனால் அங்கே கடிதமும் கட்டுரையும்தான் எழுதுகிறோம். எனக்கு வேண்டியது, சுவாசக் கருவியின் முகமூடிக்குள்ளிருந்து வாக்கிடாக்கியில் புரியும்படி பேசுவதும், இரைச்சலில் வரும் உத்தரவைச் சட்டென்று பிடிப்பதும்.

'இன்ஃபிளேமபிள்' என்று டப்பாவில் போட்டிருந்தால் தீப்பிடிக்காது என்று நேற்றுவரை நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). அதுவும் 'ஃபிளேமபிள்' மாதிரியே எளிதில் தீப்பற்றுவதுதானாம்! இப்படி இன்னும் எத்தனை இருக்கிறதோ.

இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள், சமாளிக்க முடிந்ததா? அப்புறம், தீயணைப்புச் சொற்களைக் காதால் கேட்டுப் பழக ஏதாவது வழி?