சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்கு மாறி வந்தவர்கள்: எந்த ஊரில் வீடு எடுத்தீர்கள், என்ன நடந்தது?

கிணற்றடி

வெள்ளவத்தையில் பத்து வருடம் இருந்துவிட்டுப் போன தையோடு இங்கே வந்தோம். கணவருக்கு இடமாற்றம். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு இரண்டரை. திருநெல்வேலியா, கொக்குவிலா, மானிப்பாய்ப் பக்கமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்தோம். கடைசியில் பள்ளிக்கூடம் கிட்ட என்ற ஒரே காரணத்துக்காகத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் வீடு எடுத்தோம். இரண்டு பரப்பு வளவு, ஒரு மாமரம், நாலு தென்னை, பின்பக்கம் கிணறு. பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள். சாமான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. பின்பக்கம் ஓடினால், மகன் உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஏறி, கிணற்றுக்கட்டில் வயிற்றை வைத்துக் கிடக்கிறான். இரண்டு காலும் அந்தரத்தில். ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது. மற்றது பெருவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான் என்று வாயைத் திறக்கவில்லை. பின்னால் போய் இடுப்பில் பிடித்துத் தூக்கும் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. "அம்மா, ஆமை" என்றான். உண்மையாகவே கிணற்றுக்குள் ஒரு ஆமை இருந்தது.

கொழும்பில் நாங்கள் இருந்தது நாலாம் மாடி. அங்கே பல்கனிக்குக் கம்பி அடித்து வைத்திருந்தேன். இங்கே பள்ளிக்கூடம் எத்தனை மீற்றர் என்று போனில் அளந்தேன், கிணற்றுக்கட்டு எத்தனை அடி என்று பார்க்கவில்லை. அந்தச் செருப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எந்த ஊர் நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

செம்மண்

கிணறு என்றவுடன் எழுதுகிறேன். எங்களுக்குப் பிரச்சினை கிணற்றுக்கு உள்ளே இருந்த தண்ணீர்.

உரும்பிராய்ப் பக்கம். சுற்றிவர வெங்காயம், மரவள்ளி, புகையிலைத் தோட்டம். காற்று நன்றாக இருக்கும் என்றுதான் போனோம், காற்று நன்றாகத்தான் இருந்தது. மகளுக்கு அப்போது நாலு மாதம். எனக்குத் தாய்ப்பால் போதாமல் புட்டிப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குடும்ப நல மருத்துவமாது நிறை பார்க்க வந்தார். வேலிக்கு அங்கால் தோட்டக்காரர் யூரியா எறிந்துகொண்டிருந்தார். இவர் அதைப் பார்த்தார், பிறகு எங்கள் கிணற்றைப் பார்த்தார். "பிள்ளை, எந்தத் தண்ணியில பால் கரைக்கிறீங்கள்?" என்று கேட்டார். "கிணத்துத் தண்ணிதான் மிஸ், நல்லாக் கொதிக்க வைச்சுத்தான்" என்றேன், பெருமையாக. அவர் கையில் இருந்த புத்தகத்தை மூடிவிட்டார். "இண்டையோட நிப்பாட்டுங்கோ."

எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே போடும் உரம் மழையோடு சீக்கிரமே கீழே இறங்கிவிடும். அந்த உரத்தால் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவதைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இவ்வளவும் அவர் கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னது. பிறகு தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

மகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நாலு மாதமும் ஒவ்வொரு போத்தலையும் நானே கரைத்தேன்.

கடலேரிக்கரை

நாங்கள் ஆடி மாதம் வீடு பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் ஆடியில் வீடு பார்க்கக் கூடாது.

அரியாலையில், கண்டி வீதியிலிருந்து கடலேரிப் பக்கமாக இறங்கும் இடம். வாடகை குறைவு, வீடு பெரிது, புதுப் பெயின்ற். 2024 கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியும், ஃபெங்கல் புயல் வந்த கிழமை. இரவு இரண்டு மணிக்கு மகன் எழுந்து "அப்பா, தரை ஈரம்" என்று சொன்னான். நான் அவன் கட்டிலில் மூத்திரம் பெய்துவிட்டான் என்று நினைத்து, சரி படு என்றேன். காலைக் கீழே வைத்தபோது கரண்டைக்கு மேலே தண்ணீர்.

விடியும்போது முழங்கால் அளவு. இரண்டு பிள்ளைகளையும் சாப்பாட்டு மேசையில் ஏற்றி வைத்திருந்தோம். அங்கே இருந்து பார்த்தபோதுதான் சுவர் கண்ணில் பட்டது. தரையிலிருந்து மூன்று அடிக்கு ஒரு நிறம், அதற்கு மேலே இன்னொரு நிறம். இரண்டும் வெள்ளைதான், ஆனால் கீழே அடித்தது புதிது. பழைய வெள்ளம் விட்ட கறையை மறைக்க அந்த அளவுக்கு மட்டும் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் பிறகும் ஏறி, இரண்டு நிறமும் சேரும் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஐந்து மாதம் தினமும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா படலைக்கு வெளியே நின்று, "தம்பி, நீங்கள் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்" என்றார். அவரிடம் நான் கேட்கவே இல்லை. தரகரிடம் கேட்டேன், வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்த ஒழுங்கையில் நாற்பது வருடம் இருந்தவரிடம் கேட்கவில்லை.

பழைய வாத்தியார்

எல்லோரும் தண்ணீரையே சொல்கிறீர்கள். கிணற்றடித் தங்கச்சி பள்ளிக்கூடத்தை வைத்து வீடு எடுத்ததைப் பிழை போல எழுதியிருக்கிறீர்கள். பிழையே இல்லை. கிணற்றுக்கு மூடி போடலாம், தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், ஆனால் முதலாம் தரத்தில் விடுபட்டால் பிறகு நல்ல பாடசாலைக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் வவுனியாவில் இருந்து வந்து வண்ணார்பண்ணையில் வீடு எடுத்தாள், பாடசாலை மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில். நேர்முகத்தில் கோவையைத் திறந்தவர் முதலில் கேட்டது, "வாக்காளர் இடாப்பில் எத்தனை வருசம்?" மகள் வாடகை உடன்படிக்கையை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் மகளின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடம் கிடைக்காது என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

ஆகவே வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அனுமதிக்கும் வருடம் தை 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே போட வேண்டும், கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை வருடாவருடம் பாருங்கள். அருகில் வசிப்போர் பிரிவில் கிட்ட இருப்பது மட்டும் போதாது. அங்கே எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதற்கு வாக்காளர் இடாப்புத்தான் பேசும், தாயினதும் தகப்பனினதும் பெயர் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வந்த கிழமையே கிராம அலுவலரிடம் போய்ப் பதியுங்கள். நீங்கள் கேட்கும் பாடசாலையை விட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். திருநெல்வேலி, கொக்குவில், வண்ணார்பண்ணையில் அடிக்கு ஒரு பாடசாலை. கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள், அதை விடக் கிட்ட மூன்று நிற்கும். அரச சேவையில் இடமாற்றம் பெற்று வருகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கிணற்றடி, உங்கள் கணவருக்கு அது பொருந்துமா என்று இன்றைக்கே பாருங்கள், இடமாற்றக் கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். பழைய மாணவர் பிரிவும் உண்டு, தகப்பன் எங்கே படித்தார் என்பதையும் யோசியுங்கள். ஆரம்பப் பிரிவுக்கு ஊர்ப் பாடசாலை ஒன்றும் குறைவில்லை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் பெரிய பாடசாலைக்கு மாறலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பேரன் இப்போது ஊர்ப் பாடசாலையில் மூன்றாம் தரம். நன்றாகப் படிக்கிறான்.

தண்டவாளம்

ஐயா, உங்கள் பேரனே ஊர்ப் பாடசாலையில் நன்றாகப் படிக்கிறான் என்று கடைசி வரியில் நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதற்காகப் புள்ளிக்காக ஒரு குடும்பம் வீடு மாற வேண்டும்? தங்கச்சி அறிவுரை கேட்கவும் இல்லை.

நாங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. என் மனைவியின் அம்மா இணுவிலில் இருக்கிறார், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் வேலை. அம்மம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எடுத்தோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

ஆனால் முன்பள்ளிக்குப் போகும் குறுக்கு ஒழுங்கை ரயில் பாதையைக் கடக்கிறது. கேற் இல்லை. முதல் மாதம், மகள் ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு பாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள், நானும் கூடப் பாடினேன். கடவைக்குப் பத்தடி இருக்கும்போது வாழைக்குலை ஏற்றிய சைக்கிளோடு நின்ற ஒரு ஐயா ஒன்றும் சொல்லாமல் கையைக் குறுக்கே நீட்டினார். பிறேக் பிடித்தேன். வளைவில் பனைக்குப் பின்னால் இருந்து ரயில் வந்தது. மகளின் தலைமயிர் அந்தக் காற்றில் எழும்பியது. அவள் கை தட்டினாள்.

நான் வளர்ந்த காலத்தில் அந்தப் பாதையில் ரயிலே ஓடவில்லை. 1990இல் நின்றது, திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் 2014இலும், அதைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கு 2015 தையிலும்தான் வந்தது. நாங்கள் அந்தப் பாதையில் விளையாடியவர்கள். கால் தானாகவே அதைக் கடக்கும், தலை திரும்பிப் பார்க்காது. இப்போது காங்கேசன்துறை வீதிக்குப் போய், கேற் இருக்கிற கடவையால் சுற்றித்தான் போகிறேன். பத்து நிமிடம் கூட. அந்த ஐயாவை அதற்குப் பிறகு காணவில்லை, நன்றி சொல்லவும் இல்லை.

செம்மண்

பழைய வாத்தியார் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், "தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்" என்று எழுதாதீர்கள். நான் மேலே எழுதியதே அதுதான். கைக்குழந்தையோடு இருக்கும் யாராவது உங்கள் வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம். 2014, 2015இல் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை மறந்துவிட்டோமா? அதுவும் கொதித்தால் போகிற காரியமா? தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்றும் பாருங்கள், உங்களுடையது மட்டுமில்லை, அடுத்த வளவுக்காரருடையதும்.

வேலிப்பொட்டு

எங்கள் கதையில் ஆபத்து ஒன்றும் இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன்.

நல்லூரில் எடுத்தோம். எல்லோரும் ஆசைப்படும் இடம். திருவிழா 25 நாளும் வீதி மூடுவார்கள், அதை நான் குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அந்த நாட்கள்தான் சொர்க்கம். மற்ற நாட்கள்தான் பிரச்சினை. ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழில் ஆட்கள் இல்லை. கனடா, லண்டன், சுவிஸ். ஒரு வயதுபோனவர் வந்து லைற் போட்டுவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் ஏழடி மதில்.

மகன் ஒரு பின்னேரம் மதிலோடு நின்று பந்தை மேலால் எறிந்தான். அது அங்கால் விழுந்தது. காத்துக்கொண்டு நின்றான். "என்னப்பன் செய்யிறாய்?" என்று கேட்டேன். "அவை திருப்பி எறிவினம்" என்றான். அந்த வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் சொல்லவில்லை. இருட்டும் வரைக்கும் நின்றான்.

நான் சின்னவளாக இருந்தபோது எங்களுக்குக் கிடுகு வேலி. மூலையில் ஒரு பொட்டு இருக்கும், அதால் நுழைந்தால் மாமி வீடு, அங்கால் இன்னொரு பொட்டு. மதியச் சாப்பாடு எந்த வீட்டில் என்று அம்மாவுக்கே தெரியாது. அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு கொழும்பை விட்டு வந்தேன். இப்போது கோண்டாவிலில் சின்ன வீடு ஒன்று, பாதி மதில், பாதி தகர வேலி. தகரத்தில் ஒரு மூலை ஏற்கனவே வளைந்திருக்கிறது. வீட்டுக்காரர் திருத்தித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிணற்றடி

எல்லாவற்றையும் வாசித்தேன். வேலிப்பொட்டு அக்கா, நீங்கள் எழுதியதற்குத்தான் அழுதேன்.

வாத்தியார் ஐயா, கோபமில்லை. இடமாற்றக் கடிதம் இருக்கிறது, நாளைக்கே பிரதி எடுக்கிறேன். செம்மண், என் மகன் புட்டிப்பால் நிறுத்திவிட்டான், ஆனாலும் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கப் போகிறோம்.

எங்கள் கிணற்றுக்குக் கம்பி வலை அடித்து, நடுவில் வாளி போகுமளவுக்கு ஒரு மூடி வைத்துப் பூட்டுப் போட்டாயிற்று. வீட்டுக்காரர் செலவில் பாதியைத் தந்தார். தோய்க்கிற கல்லைப் பெயர்த்து மாமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டோம், நாலு பேர் வேண்டியிருந்தது. மகன் தினமும் கணவர் வேலையால் வந்தவுடன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். அவர் தூக்கிப் பிடிப்பார், இவன் வலைக்குள்ளால் பார்ப்பான். சில நாட்களில் ஆமை வெளியே வராது. அப்போது நாளைக்கு வரும் என்று ஆமைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்குவான்.

கடலேரிக்கரை அண்ணை, ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் வந்தது தை மாதம், இன்னும் ஒரு மாரியும் பார்க்கவில்லை. நேற்று எதிர்வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். "முந்தி நிக்கும் பிள்ளை, இப்ப மதகு கட்டினாப் பிறகு நிக்கிறேல்லை" என்றார். மதகைப் போய்ப் பார்த்தேன், பிளாஸ்ரிக் போத்தலும் இளநீர்க் கோம்பையுமாக அடைத்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது, பிரதேச சபையா?