இசட்-ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கிய இமேஜைப் பழைய டாக்கர் விரிக்க மறுப்பது ஏன்?

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். குலசேகரம், அருமனை பகுதிகளில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடைகளுக்காக, எடை, விலை, பாக்கி ஆகியவற்றைப் பதியும் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறோம். கடைக் கணினிகளில் அது டாக்கர் 20.10 (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் கருவி) வழியாக இயங்குகிறது. மழைக்காலத்தில் மலையோரக் கடைகளில் இணைய வேகம் மிகவும் குறைந்துவிடுவதால், இமேஜின், அதாவது அந்தப் பொதியின், அளவைக் குறைக்க எண்ணி, அதை உருவாக்கும் பில்ட்கிட்டில் சுருக்க முறையை ஜி-ஜிப்பிலிருந்து இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாற்றினோம். ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்து வழங்கும் சர்வர்) அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கடைகளில் அடுக்கு (இமேஜின் ஒரு பகுதி) முழுவதும் இறங்கிய பிறகு, டார் கோப்பின் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) தலைப்பு செல்லாது என்று பிழை வருகிறது. அலுவலகத்தின் புதிய கணினிகளில் அதே இமேஜ் சிக்கலின்றி இயங்குகிறது. ரெஜிஸ்ட்ரியில் கோப்பு பழுதாகியிருக்குமா?

பதில் (மார்த்தாண்டம்)

பழுது இல்லை, தம்பி. ரெஜிஸ்ட்ரி அடுக்கைத் திறந்து பார்ப்பதே இல்லை. வந்த பைட்டுகளின் ஷா-256 டைஜஸ்ட் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) சரியாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளும். அது படிப்பது மேனிஃபெஸ்டை (இமேஜின் அடுக்குகளைப் பட்டியலிடும் கோப்பை) மட்டுமே. ஆகவே ரெஜிஸ்ட்ரி ஏற்றுக்கொண்டது என்பதற்கும் இறக்கும் கணினி அதை விரித்துவிடும் என்பதற்கும் தொடர்பே கிடையாது. டாக்கர் 20.10-க்கு இசட்-ஸ்டாண்டர்டை விரிக்கத் தெரியாது. சுருக்கிய பைட்டுகளையே டார் கோப்பு என்று எண்ணிப் படிக்க முயல்வதால்தான் அந்தப் பிழை வருகிறது. டாக்கர் 23.0-உம், இமேஜ்களை இயக்கும் இன்னொரு மென்பொருளான கண்டெய்னர்டியின் 1.5 முதலான பதிப்புகளும் அதை விரிக்கும்.

ஐயம் தீர வேண்டுமானால் அடுக்கின் முதல் பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் பாருங்கள். 1எஃப் 8பி என்று தொடங்கினால் ஜி-ஜிப். 28 பி5 2எஃப் எஃப்டி என்று தொடங்கினால் இசட்-ஸ்டாண்டர்ட்.

பதில் (தக்கலை)

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. சுருக்கப்படாத டார் கோப்பின் டைஜஸ்ட் இமேஜின் கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது. சுருக்கிய கோப்பின் டைஜஸ்ட் மேனிஃபெஸ்டில் இருக்கிறது. சுருக்க முறையை மாற்றினால் முன்னது மாறாது, பின்னது மாறிவிடும். அதனால் மேனிஃபெஸ்டின் டைஜஸ்டும் மாறுகிறது, அதன் மேல் இட்ட கையொப்பம் புதிய இமேஜுக்குச் செல்லாது, ரெஜிஸ்ட்ரியில் ஒரே உள்ளடக்கம் இரண்டு முறை இடம் பிடிக்கிறது. உங்கள் கடைகளில் உள்ள டாக்கர் 20.10-இன் சேமிப்பு முறை, அடுக்கு தன்னிடம் உள்ளதா என்பதை இந்தச் சுருக்கிய டைஜஸ்டைக் கொண்டே பார்ப்பதால், நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த கடைகளே சுருக்க முறை மாறிய அடுக்குகளை எல்லாம் மறுபடி இறக்க வேண்டிவரும்.

இப்போது அவசரப்பட்டு, இமேஜ்களை நகலெடுக்கும் கருவியான ஸ்கோப்பியோவால் திரும்ப ஜி-ஜிப்புக்கு மாற்றாதீர்கள். ஒரே டார் கோப்பை வேறு நிரலோ வேறு சுருக்க நிலையோ கொண்டு ஜி-ஜிப் செய்தால் பைட்டுகள் வேறாகலாம். பழைய டைஜஸ்ட் திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. பழைய மேனிஃபெஸ்ட் ரெஜிஸ்ட்ரியில் இன்னும் இருந்தால், குப்பை நீக்கும் பணி ஓடுவதற்கு முன்பாக அதற்கே மீண்டும் டேக் (பெயர்ச்சீட்டு) இடுங்கள்.

கேள்வி கேட்டவர் (நாகர்கோவில்)

மிக்க நன்றி, ஐயா. பழைய மேனிஃபெஸ்ட் இருந்தது. அதற்கு டேக் இட்டதும் அருமனைக் கடை ஒரு அடுக்கைக்கூட மறுபடி இறக்காமல் இயங்கத் தொடங்கியது. பைட்டுகளையும் பார்த்தேன். அடிப்படை இமேஜின் அடுக்குகள் ஜி-ஜிப்பாகவே இருந்தன, நாங்கள் சேர்த்தவை மட்டும் மாறியிருந்தன.

பதில் (மார்த்தாண்டம்)

ஃபோர்ஸ்-கம்ப்ரஷன் என்ற அமைப்பை இடாதவரை, ஏற்கெனவே சுருக்கப்பட்ட அடுக்குகளை பில்ட்கிட் தொடுவதில்லை. உங்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது. கடைகளின் டாக்கரைப் புதுப்பிக்கும் வரை ஜி-ஜிப்பிலேயே இருங்கள். அதுவரை அளவைக் குறைக்க வேண்டுமானால், அரிதாக மாறும் நூலகங்களை முன் அடுக்கிலும், அடிக்கடி மாறும் உங்கள் நிரலைக் கடைசி அடுக்கிலும் வையுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தக் கடைசி அடுக்கு மட்டுமே குலசேகரத்துக்குப் போக வேண்டியிருக்கும்.