6 வயதுப் பிள்ளை, சலரோகமுள்ள அம்மா: பல்லைக் காக்க வீட்டில் என்ன ஒழுங்கு?

வெள்ளவத்தை_06 கேட்டது:

வணக்கம். வீட்டில் மகனுக்கு 6 வயது, எங்கள் இருவருக்கும் 35ஐ அண்டி, அம்மாவுக்கு 66. அவவுக்குச் சலரோகம் இருக்கிறது, மேல்வரிசையில் கழற்றிப் போடும் கட்டுப்பல் 4. எல்லோரும் காலையில் ஒருதரம்தான் பல் தீட்டுகிறோம். பிரஷ் பட்டால் முரசில் இரத்தம் வருகிறதென்று அம்மா இப்போது விரலால் உமிக்கரியும் உப்பும் தேய்க்கிறா. இரவில் தீட்டுவது உண்மையிலேயே அவசியமா? மகனின் பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது, சூத்தையை அடைக்க வேண்டுமா? பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே, அது சரியா?

பம்பலப்பிட்டி_04:

ஒருதரம்தான் முடியும் என்றால் காலையை விட்டுவிட்டு இரவைப் பிடியுங்கோ. நித்திரையில் உமிழ்நீர் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவி, கரைந்த இடத்துக்குக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது உமிழ்நீர்தான். அது இல்லாத 7, 8 மணித்தியாலமும் சோற்றுப் பருக்கையும் சீனியும் பல்லில் இருந்தால் கிருமிகளுக்கு விருந்துதான்.

தீட்டும் விதம்: மென்மையான நாருள்ள, சின்னத் தலைப் பிரஷ். நார்களில் பாதி பல்லிலும் பாதி முரசு விளிம்பிலும் படும்படி 45 பாகை சாய்த்து, இரண்டிரண்டு பல்லாக அந்த இடத்திலேயே மெதுவாக அதிரச் செய்ய வேண்டும். பத்துத்தரம் போதும். பிறகு முரசிலிருந்து பல்லின் நுனிப் பக்கமாக உருட்டி எடுங்கோ. முழு வாய்க்கும் 2 நிமிடம். மரம் அறுக்கிற மாதிரிக் குறுக்கே இழுத்தால் முரசு பல்லைவிட்டு விலகி, பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் விழும். வலது கைக்காரருக்கு இது இடப்பக்கம்தான் கூடுதலாக வரும், அந்தப் பக்கம் கை பலமாக விழுவதால். நார்கள் வளைந்து விரிந்தாலோ 3 மாதமானாலோ பிரஷை மாற்றுங்கோ.

கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடித்து நுனியால் தீட்ட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாசல் அங்கேதான் திறக்கிறது, காரையும் (பல்லில் படிந்து இறுகும் அழுக்கு) முதலில் அங்கேதான் கல்லாகிறது.

பற்பசையை வாங்கும்போது ட்யூபின் பின்பக்கத்தைப் பாருங்கோ. 1000 முதல் 1500 பிபிஎம் வரை புளோரைட் இருக்க வேண்டும். கராம்பு, வேம்பு எல்லாம் வாசத்துக்கு நல்லது, ஆனால் அவை புளோரைட்டின் வேலையைச் செய்யாது. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் புளோரைட் சேர்ப்பதில்லை. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணறுகளில் அது இயற்கையாகவே கூடி, பிள்ளைகளின் பல்லில் கறை விழும் அளவுக்குப் போகிறது. இங்கே நிலைமை நேர்மாறு, பற்பசையை நம்பித்தான் இருக்க வேண்டும். தீட்டி முடிந்ததும் துப்புங்கோ, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய புளோரைட் எல்லாம் பேசினுக்குள் போய்விடும்.

கொட்டாஞ்சேனை_13:

மகனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த வயதில்தான் பெரிய தவறு நடக்கிறது. 6 வயதை அண்டி, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை, ஆகவே பெற்றோர் அதையும் பாற்பல் என்றே நினைத்துவிடுவார்கள். அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், வாழ்நாள் முழுக்க மென்று தின்ன வேண்டிய பல். அது மற்றப் பற்களின் உயரத்துக்கு வர மாதங்கள் எடுக்கும், அதுவரை நேராகப் போகும் பிரஷ் அதைத் தொடாது. பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, கன்னப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக விட்டு அந்த ஒரு பல்லைத் தனியாகத் தீட்டிவிடுங்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. சூத்தை வரும் முன்னரே பல் வைத்தியர் அவற்றைப் பிசின் பூசி மூடிவிடலாம், ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை.

பாற்பல்லை அடைக்க வேண்டும். பாற்கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்கூட்டிப் பிடுங்கினால் பின்பல் முன்னுக்குச் சாய்ந்து, கீழிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். சூத்தை வேர்வரை போய்ச் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மிளிரியும் (பல்லை மூடியிருக்கும் கடினமான மேற்படை) பழுதுபடலாம்.

பசை பட்டாணி அளவு போதும். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு பூச்சு. 7, 8 வயதுவரை பெரியவர் கைதான் தீட்ட வேண்டும், சப்பாத்து நாடாவைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியாத பிள்ளைக்குப் பல் தீட்டவும் வராது. இரவு தீட்டியபின் மோல்ட் பானம் கொடுக்காதீர்கள். காய்ச்சல் பாணியிலும் சீனி இருக்கும், குடித்தபின் வாயைத் துடைத்துவிடுங்கள்.

தெஹிவளைக்காரர்:

அம்மாவின் விஷயம் அவசரம். இரத்தம் வருவது பிரஷினால் அல்ல, முரசு விளிம்பில் தங்கிய கிருமிப் படலத்தால். அதைக் கண்டு பிரஷை நிறுத்தினால் படலம் தடித்து இரத்தம் கூடத்தான் செய்யும். மென்பிரஷால் தினமும் தீட்டிவர, வெறும் அழற்சி என்றால் ஒன்றிரண்டு கிழமையில் இரத்தம் நிற்கும். நிற்காவிட்டால் முரசுக்குக் கீழே காரை இருக்கிறது, அதைப் பிரஷ் எட்டாது.

சுரண்டினால் பல் ஆடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றால், எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் சிமெந்து போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரியும். காரையை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும். சலரோகம் முரசைக் கெடுக்கும், கெட்ட முரசு சீனியைக் கட்டுப்படுத்த விடாது, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டும். கிளினிக்கில் அம்மா இதைச் சொல்லட்டும். கொழும்பு 7, வாட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். குருதியை இளக்கும் குளிசை எடுப்பவராயின் அதைத் தானாக நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், வைத்தியரிடம் சொன்னால் போதும்.

உமிக்கரி வேண்டாம். முரசு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் அந்த வேருக்கு மிளிரிக் கவசம் இல்லை, கரித்தூள் அதை அராவிவிடும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும், ஆனால் படலத்தை அகற்றாது.

கட்டுப்பல்லை இரவில் கட்டாயம் கழற்றி வைக்க வேண்டும், இல்லையேல் அண்ணத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சவர்க்காரமும் தனிப் பிரஷும் போட்டுக் கழுவுங்கள், பற்பசை பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், சுடுதண்ணீர் பட்டால் வளையும். கம்பி பிடிக்கும் பற்களைத்தான் சூத்தை முதலில் தேடிவரும், அவற்றைச் சுற்றித் தீட்டுவதில் கவனம்.

வெள்ளவத்தை_06:

நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பல்லிடுக்குக்கு நூல் போதுமா? அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, ஆனால் தினம் ஐந்தாறு தரம் பிஸ்கட்டோடு குடிப்பா. வெற்றிலையும் இடைக்கிடை உண்டு.

பம்பலப்பிட்டி_04:

உங்கள் இருவருக்கும் நூல் சரி. 40 சென்றிமீற்றர் அளவு எடுத்து நடுவிரல்களில் சுற்றி, இடுக்குக்குள் மெல்ல அசைத்து இறக்கி, ஒவ்வொரு பல்லையும் அரைவட்டமாக அணைத்து மேலும் கீழும் உரசுங்கோ. வெட்டென்று இறக்கினால் முரசு கிழியும்.

தெஹிவளைக்காரர்:

அம்மாவுக்கு நூல் சரிவராது. முரசு இறங்கிய இடுக்கு அகலமானது, வேரில் உள்ள குழிவை நூல் தொடாது. பல்லிடைப் பிரஷ் வாங்குங்கள், பெரிய பாமசிகளில் கிடைக்கும். இலேசாக உரசிக்கொண்டு போகும் அளவு வேண்டும். தளர்வாகப் போனால் பயனில்லை, நெருக்கித் தள்ளினால் புண்ணாகும்.

பிஸ்கட்: எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தரம் என்பதே கணக்கு. ஒவ்வொரு தரமும் படலத்தில் அமிலம் கூடி, பிஎச் அளவு மிளிரி கரையத் தொடங்கும் 5.5க்குக் கீழே இறங்கும், மீள அரை மணித்தியாலமாவது எடுக்கும். சீனி குறைந்த கிரீம் கிறேக்கரும் அப்படித்தான், மாவு குழைந்து இடுக்கில் ஒட்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடட்டும், மற்ற வேளைத் தேத்தண்ணி வெறும் தேத்தண்ணியாக இருக்கட்டும். தேசிக்காய்த் தண்ணி, தோடம்பழம் எடுத்தவுடன் தீட்ட வேண்டாம், அமிலத்தில் இளகிய மிளிரி தேய்ந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள்.

வெற்றிலையை விடச் சொல்லுங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் அப்படித்தான் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். மாதம் ஒருதரம் கண்ணாடி முன்னால், நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உள்பக்கம், நாவின் ஓரம், நாவின் அடி எல்லாம் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 கிழமையில் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாதபடி வாய் சுருங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கிழமையே வாட் பிளேசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.