உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பேரவை ஆரம்பிக்கணும், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சமூகஅறிவியல் மிஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியை. ஆறிலிருந்து பத்து வரை கிட்டத்தட்ட 240 பிள்ளைகள். சுற்றியுள்ள நாலைந்து ஊர்களிலிருந்து வருகிறார்கள், பாதிப் பேர் டவுன் பஸ்.

எங்கள் பள்ளியில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் நன்றாகவே நடக்கிறது. 2024 நவம்பரில் அரசு தொடங்கியதிலிருந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரித்து, தலைவர்கள் போட்டு, போட்டிகளும் புள்ளிகளும் உண்டு. ஆனால் பள்ளியின் அன்றாட விஷயங்களில் பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கிளாஸ் லீடர் என்றால் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுகிற ஆள், அவ்வளவுதான். அதுவும் யார் முதல் ரேங்க்கோ அவர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் குழந்தைகள் உரிமை பற்றிப் பேசும்போது, 1989 ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவைச் சொன்னேன். தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, 1992இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது என்றேன். ஒரு பெண் எழுந்து, "நம்ம பள்ளிக்கூடத்துல அதை யார் மிஸ் கேட்குறாங்க?" என்றாள். அன்றிலிருந்து இதே யோசனைதான்.

ஹெச்.எம். நல்லவர். "எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றிருக்கிறார். ஸ்டாஃப் ரூமில்தான் பயம். தேர்தல் வைத்தால் சாதி உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பயத்தை என்னாலும் ஒதுக்க முடியவில்லை. பெண் பிள்ளைகள் முன்வருவார்களா, பேரவைக்கு என்ன வேலை கொடுப்பது, இதெல்லாமும் தெரியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தமிழாசிரியர், தெற்கிலிருந்து

டீச்சர், உங்கள் ஸ்டாஃப் ரூம் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அதன்பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டக்கூடாது என்பதையே ஒரு பரிந்துரையாக எழுத வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் ஓட்டுப்பெட்டி வைத்தால் எந்தத் தெருவில் எத்தனை பிள்ளை என்ற கணக்கை முதல் நாள் ராத்திரியே போட்டுவிடுவார்கள். பேரவை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடவோலை மாதிரி சீட்டுக் குலுக்கி எடுங்கள். யாருக்கும் தோற்ற மனக்குறை இருக்காது.

பதில் 2: ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

மிஸ், தேர்தல் எப்படி என்பதை அப்புறம் பார்ப்போம். பேரவை எதைத் தீர்மானிக்கும் என்பதை முதலில் ஒரே பக்கத்தில் எழுதி, ஹெச்.எம். கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், சுதந்திர தினத்தன்று பேட்ஜ் குத்திக்கொண்டு கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதோடு உங்கள் பேரவை முடிந்துவிடும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் அப்படி முடிந்தவையும் உண்டு, உருப்படியாக நடந்தவையும் உண்டு. வித்தியாசம் அந்தத் தாள்தான்.

தாளில் மூன்று பகுதி போதும். பேரவையே முடிவெடுப்பது: விளையாட்டு சாமான் எந்த வகுப்புக்கு எந்தக் கிழமை, நூலகப் பீரோ எப்போது திறப்பது, ஆண்டு விழாவில் என்ன நிகழ்ச்சி. பேரவையைக் கேட்டுவிட்டு ஹெச்.எம். முடிவெடுப்பது: கழிவறை, குடிநீர், மதிய உணவு வரிசை, சிறப்பு வகுப்பு நேரம். பேரவை தொடக்கூடாதது: மதிப்பெண், தண்டனை, ஆசிரியர் மீதான புகார். பாலியல் தொல்லை போன்ற விஷயங்கள் எக்காரணம் கொண்டும் பேரவையில் பேசுபொருளாகக் கூடாது. அதற்கு 14417, 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, பிள்ளைகள் புகாரை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டி இருக்கிறது. எந்தப் பிள்ளை எங்கே போய்ச் சொல்லலாம் என்பதைப் பேரவை உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பேரவைப் பிள்ளையைக் காவல்காரன் ஆக்காதீர்கள். பிரேயரில் வரிசை ஒழுங்கு பண்ணுவது, லேட்டாக வருகிறவன் பெயரை எழுதுவது எதுவும் அவர்கள் வேலை இல்லை. ஒரு தடவை அந்த நோட்டு கைக்கு வந்துவிட்டால், அப்புறம் மற்ற பிள்ளைகள் மனசில் உள்ளதை அவனிடம் சொல்ல மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 240 பிள்ளை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்த 5,000 ரூபாயில் எதை முதலில் செய்யலாம் என்று பேரவையைக் கேளுங்கள். செலவு செய்வது ஹெச்.எம்.தான், பில்லும் அவர் பொறுப்புதான். ஆனால் பட்டியலில் முதல் வரியைப் பிள்ளைகள் எழுதட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பேரவையிலிருந்து இரண்டு பேர் வந்து அந்தத் தாளை அங்கே வாசிக்க ஒரு பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். சொந்தப் பிள்ளை நின்று வாசிக்கும்போது பெற்றோர் கேட்கிற விதமே வேறு.

என் பள்ளியில் முதல் கூட்டத்தில் வந்த விஷயத்தைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிரதிநிதி, ரொம்பச் சின்னப் பெண், எழுந்து குழாய் உயரமாக இருக்கிறது என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தோம். சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவுகிற குழாய் வரிசை பத்தாம் வகுப்புப் பையனுக்கு இடுப்பு உயரம், அவளுக்கு நெஞ்சுக்கு மேலே. தட்டைத் தூக்கிப் பிடித்துக் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிவிடும். ஆறாம் வகுப்பு முழுக்க மத்தியானம் பூராவும் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. தினமும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் போய் வந்தோம். கொத்தனார் ஒருவர் அரை நாளில் செங்கல் வைத்து ஒரு படி கட்டிக் கொடுத்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் செலவை ஏற்றது. அதன்பிறகு பேரவை எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் கேட்கவில்லை.

இனி சாதி. தமிழ் ஐயா சொன்னது உண்மை, அதைக் கண்டும் காணாமல் திட்டம் போடக்கூடாது. சண்டை பெரும்பாலும் 'தலைவர்' என்ற ஒற்றைப் பதவிக்குத்தான் வரும். அந்தப் பதவியே வேண்டாம். வகுப்புக்கு ஒரு பெண், ஒரு பையன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் நடத்துவது என்று அங்கேயே சீட்டு எடுங்கள். ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர்தான் என்று வைக்காதீர்கள். பிடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் டிக் போடலாம். அப்போது தன் தெருப் பிள்ளைகளை மட்டும் நம்பி யாரும் நிற்க முடியாது, பக்கத்து பெஞ்சிலும் நல்ல பேர் வேண்டும். முடிவை அறிவிக்கும்போது பெயரை மட்டும் சொல்லுங்கள், ஓட்டு எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை வெளியே போனால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊரில் கணக்குப் பார்ப்பார்கள். பிரச்சாரம் பள்ளிக்குள் மட்டும்: வகுப்பில் எழுந்து, பள்ளியில் மாற வேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று நிமிஷம் பேச வேண்டும்.

குடவோலையை ஐயா சொன்னதால் ஒன்று. பராந்தகச் சோழன் காலத்து, குடவோலை விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் சீட்டில் பெயர் எழுதப்படுவதற்கே நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். ஊரில் பலருக்கு அந்தக் குடத்தில் இடமே இல்லை. இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அதே கல்வெட்டில், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு முறையில் எனக்கு உள்ள ஒரே தயக்கம், "என்னை என் வகுப்பு அனுப்பியது" என்ற எண்ணம் பிள்ளைக்கு வராது. அந்த எண்ணம்தான் கூச்சத்தை உடைக்கும்.

பதில் 3: பாலக்காட்டு வாத்தியார்

இங்கே கேரளத்தில் ஸ்கூல் பார்லமெண்ட் வழக்கமாக நடப்பதுதான். முதலில் வகுப்பு லீடருக்கு ரகசிய ஓட்டு, ஜெயித்து வந்தவர்கள் கூடிப் பள்ளி லீடரைத் தேர்ந்தெடுப்பார்கள். தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கும் அதே முறைதான். தேர்தல் அதிகாரியிலிருந்து விரலில் மை வைக்கிறவர் வரை பிள்ளைகளையே வையுங்கள். நிற்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் அந்த மேஜைக்கு ஆசையாக வருவார்கள். அடுத்த தடவை அவர்களில் சிலர் நிற்பார்கள். ஹெச்.எம். சார் எழுதிய அந்த ஒரு பக்கத் தாள் எங்களிடம் இல்லை. தேர்தல் திருவிழா மாதிரி நடந்து, பிறகு பேச்சு மூச்சு இல்லாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று இப்போது படுகிறது.

பதில் 4: பழைய பேரவை உறுப்பினர், இப்போது கல்லூரி

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் இப்படி ஒன்று இருந்தது. மிஸ், கூட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியடில் வையுங்கள், ப்ளீஸ். சாயந்திரம் வைத்தால் பஸ் பிள்ளைகள் வர மாட்டார்கள். எங்களையும் வீட்டில் விட மாட்டார்கள். அப்புறம் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற பசங்க மட்டும்தான் பேரவை.

பெண் பிள்ளைகள் நிற்பார்களா என்று கேட்டீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு இடம் எங்களுக்கே என்று ஆன பிறகு நின்றோம். ஆனால் கூட்டத்தில் நாப்கின் பற்றிப் பசங்க முன்னால் எப்படிப் பேசுவது? அரசு கொடுக்கிற நாப்கின் ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி இருக்கும், போய்க் கேட்க வேண்டும், அங்கே சார் உட்கார்ந்திருப்பார். அதனால் பாதிப் பேர் கேட்கவே மாட்டோம், லீவு போட்டுவிடுவோம். எங்கள் மிஸ் பெண் உறுப்பினர்களை மட்டும் தனியாகக் கால் மணி நேரம் முன்னாலேயே கூப்பிட்டு உட்கார வைத்தார். அதில் சொன்னோம். அடுத்த வாரம் பீரோ சாவி கணக்கு மிஸ்ஸிடம் வந்தது, பாக்கெட்டுகள் பெண்கள் கழிவறைப் பக்கத்து அறைக்கு மாறின.

இன்னொன்று, தீர்மான நோட்டு. நாங்கள் கேட்டதற்கு எதிரே ஹெச்.எம். தன் கையால் பதில் எழுதுவார். சில நேரம் "இயலாது, இதற்கு நிதி இல்லை" என்று இருக்கும். அப்போதும் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. கேட்டதற்கு ஒரு பெரியவர் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. அந்த ஒரு பக்கத்தை இன்று ராத்திரியே எழுதுகிறேன். குழாய் விஷயம் படித்ததும் எங்கள் கை கழுவுகிற இடம்தான் கண்முன் வந்தது, நாளைக்குப் போய் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்று பார்க்கப் போகிறேன். ஹெச்.எம். சார், இரண்டு சந்தேகம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? பொதுத்தேர்வு என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்களே. மகிழ் முற்றம் தலைவர்களை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

பத்தாம் வகுப்பைக் கட்டாயம் சேருங்கள். ஐந்து வருஷமாக அந்தப் பள்ளியைப் பார்த்த கண்கள் அவை. பேரவைக் காலத்தை ஜூலையிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரை என்று வையுங்கள். ஜனவரியில் புதுப் பேரவைக்குத் தேர்தல், அதில் பத்தாம் வகுப்பு நிற்க வேண்டாம். திருப்புதல் தேர்வுக்கு இடைஞ்சல் இருக்காது. பெற்றோரிடம் இந்தத் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகிழ் முற்றம் அப்படியே இருக்கட்டும், கலைக்க வேண்டாம். குழு வகுப்புகளைக் கலந்து பிரிக்கிறது, பேரவை வகுப்புவாரியாக வருகிறது, ஒன்றுக்கொன்று மோதாது. ஒரே பிள்ளை இரண்டிலும் பொறுப்பு வகிக்கக்கூடாது என்று மட்டும் தாளில் ஒரு வரி சேருங்கள். தாளை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.